பிறை பட்டன்

ரஜப் பிறை 18, ஞாயிறு

வந்திருந்தவர்கள்: ஜமாஅத் செயலாளர் தமீம் ஹாஜியார், என் தம்பி மொகுதூம், மாமியாரான மாமி, நான். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றதால் ஹாஜியார் கணக்கில் மூன்று பேர். என் கணக்கில் நாலு. தேநீரும் நாலு போட்டேன்.

வந்த விஷயம் சைரன் பெட்டி. நோன்பு வருகிறதல்லவா, அதைத் துடைத்துப் பார்த்து வைக்கச் சொல்ல வந்தார். பெட்டி மொகுதூம் செய்து கொடுத்தது. பள்ளிவாசல் சுவரில் தொங்குகிறது. பிறை கண்ட சேதி வந்ததும், தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார் அதில் இருக்கும் பிறை பட்டனை ஒரு தடவை அமுக்கினால் போதும். மறுநாள் விடியலுக்கு முன்னாலிருந்து பெருநாள் வரை, நோன்புக்கு முன் சாப்பிடும் ஸஹருக்கு எழுப்பவும் ஸஹர் முடிவதைச் சொல்லவும் அதுவே நேரம் பார்த்துச் சைரன் ஊதும். முதல் வருஷம் அழகாக ஊதியது. போன வருஷம் முதல் நோன்புக்கு ஊதவில்லை.

அன்று தெருவே தூங்கிவிட்டது. 'பிறை தெரியலை, வெளியூர்ச் சேதி வந்தா சைரன் எழுப்பும்' என்று எல்லோரும் படுத்தவர்கள். விடிகாலை சுப்ஹு பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தோம். ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு. மாமி சர்க்கரை நோய்க்காரர்கள். விடச் சொல்லியும் நோன்பை விடவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைப் பாயிலேயே சரிந்துவிட்டார்கள்.

மொகுதூம் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான். பட்டன் அமுக்கியது பன்னிரண்டாம் தேதி என்று பெட்டி காட்டியது. பிறைச் சேதி வந்ததோ பதினொன்றாம் தேதி ராத்திரி. 'ராத்திரி தூங்கிட்டு, விடிஞ்ச பொறவு அமுக்கிட்டு, அமுக்கினேன்னு சாதிக்காரு' என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டான். மைதீன் பிச்சை மோதினார், 'சேதி கெடைச்ச கையோட அமுக்கினேன், அல்லாஹ் அறிவான்' என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. பெருநாள் கழிந்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புளியங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார்.

இன்று ஹாஜியார் சொன்னது: "அடுத்த மாசம் பராஅத் ராத்திரி கழிஞ்சதும் புது மோதினாரை நெரந்தரமாப் போட்டுருவோம். அதுவரைக்கும் நாங்களே மொற வச்சிப் பாங்கு சொல்லுதோம். எனக்கு இந்த இருமலோட முடியலம்மா."

"பெட்டில ஒரு கோளாறும் கெடையாது மாமா" என்றான் மொகுதூம்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லேன்" என்றேன்.

"அது ஓடிச் சரியான்னு தெரிய நோன்பு வரணும் லாத்தா. சுட்ட அப்பளமா, திருப்பிப் பாக்கதுக்கு?" என்று அக்கா என்னை மடக்கினான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தம்பி சொல்லால் ஒரு மனுஷனின் வேலை போயிருக்கிறது. அந்தச் சொல் சரியா என்று ஒருவரும் பார்க்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன், வேறொன்றும் இல்லை.

ரஜப் பிறை 20, செவ்வாய்

மொகுதூமிடம் அவனுடைய பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கினேன். "வீட்டுக் கணக்குப் போடணும்" என்றேன். பொய் இல்லை, பால் கணக்கையும் மருந்துக் கணக்கையும் அதில்தான் இப்போது போட்டேன். பெட்டிக்கு அவன் எழுதிய புரோகிராமும் அதில் இருக்கிறது. அதை அவன் அழிக்கவில்லை, அதைப் பற்றி நானும் கேட்கவில்லை.

அவன் டிப்ளமா படிக்கும்போது பாடத்தை யாராவது உரக்க வாசித்தால்தான் அவனுக்கு ஏறும். வாசித்தது நான். அவனுக்கு ஏறியது கொஞ்சம், எனக்கு ஒட்டிக்கொண்டது மிச்சம். பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து நானாகவே கூட்டிக்கொண்டேன்.

விர்ச்சுவல் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப்புக்குள் இன்னொரு சின்ன கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவித்து ஓட்டுவது. பெட்டிக்குள் இருக்கும் புரோசஸரை அப்படி ஒரு பாவனைப் புரோசஸராக்கி, மொகுதூமின் புரோகிராமை ஏற்றிவிட்டால், அது பள்ளிவாசல் சுவரில் தொங்குவதாகவே நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும். அதற்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. எத்தனை கட்டளை ஓட்டி முடித்ததோ அதுதான் அதற்கு மணி. ஓட விட்டால் ஒரு மாதத்தை ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் கடந்துவிடும். நிறுத்தினால் அங்கேயே நிற்கும். நோன்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிஸ்மி சொல்லி ஏற்றினேன். ஓடியது!

ரஜப் பிறை 22, வியாழன்

ஓடியது என்று எழுதியதை மாற்றி எழுத வேண்டும். தறிகெட்டு ஓடுகிறது.

மெஷினின் தேதியைப் போன வருஷ ரஜபில் தொடங்க வைத்திருக்கிறேன், எனக்கு வேண்டியது போன வருஷம் பிறைச் சேதி வந்த அந்த ஒரு ராத்திரி. அங்கே கொண்டுபோய் நிறுத்தி, பட்டனை அமுக்கி, விடியலுக்குச் சைரன் ஊதுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் நான் நிறுத்து என்று தட்டுவதற்குள் நோன்பே பாதி போய்விடுகிறது. திரும்ப முதலிலிருந்து. இந்தத் தடவை முன்கூட்டியே தட்டினேன், ரஜபிலேயே நின்றது. அடுத்த தடவை பெருநாள்.

மாமி எட்டிப் பார்த்து, "என்னளா அது, நிக்குது ஓடுது, நிக்குது ஓடுது. வண்டி பழகுதியா?" என்றார்கள்.

"ஆமா மாமி, பிரேக் புடிக்க மாட்டேங்குது."

"அப்ப எறங்கிட்டு மீனைக் கழுவு."

ரஜப் பிறை 23, வெள்ளி

ஜும்ஆ. குர்ஆனில் கஹ்ஃப் சூரா ஓதினேன். சிலிண்டர் மாற்றினேன். மெஷினைத் தொடவில்லை.

ரஜப் பிறை 27, செவ்வாய்

மிஃராஜ் நாளுக்காக நோன்பு வைத்திருந்ததால் சமையல் வேலை மிச்சம். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன்.

கையால் தட்டி நிறுத்துவது ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஓடுவதற்கு முன்பே சொல்லி அனுப்ப வேண்டும், இவ்வளவு கட்டளை ஓடு, பிறகு நில் என்று. மெஷினுக்குள் அப்படிச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொல்லி அனுப்பினேன். நின்றது. ஆனால் சொன்ன இடத்தில் இல்லை, தாண்டி நின்றது. மறுபடி சொன்னேன், வேறொரு தூரம் தாண்டி நின்றது.

காரணம் படித்தேன். வேகத்துக்காக இந்த மெஷின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. கட்டுக் கட்டாக எடுத்து ஓட்டுகிறது. ஒரு கட்டு முடிந்த பிறகுதான், 'நிற்கச் சொன்னார்களே' என்று திரும்பிப் பார்க்கிறது. ஒரு கட்டுக்குள் பெட்டி சும்மா காத்துக்கிடக்கும் நேரமும் சேர்ந்துவிடுவதால், ஒரு கட்டு தாண்டினாலே அதன் கணக்கில் முக்கால் மணி ஒரு மணி போய்விடுகிறது.

கட்டாக எடுக்காதே, ஒவ்வொன்றாக எடு என்றும் அதற்குச் சொல்லலாம். சொன்னேன். துல்லியமாக நிற்கிறது. ஆனால் ஒரு நாளைக் கடக்க அஸரிலிருந்து அந்தி மஃரிபு வரை எடுத்துக்கொண்டது. அந்தப் பிறைக்குப் போவதற்குள் நிஜமாகவே நோன்பு வந்துவிடும்.

பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

ரஜப் பிறை 29, வியாழன்

என் வீட்டுக்காரர், மச்சான், சவூதியில் தம்மாமிலிருந்து பேசினார்கள். மாமிக்கு மாத்திரை, கூரைத் தகரம், என் முழங்கால் எல்லாம் கேட்டார்கள். பிறகு, "மொகுதூம் சொன்னான், நீ என்னமோ கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரு ஓட்டுதியாமே" என்றார்கள்.

"ஆமா மச்சான்."

"எதுக்கு?"

சொன்னேன்.

"ஒரு வேள உன் தம்பி மேல தப்புன்னு வந்தா என்னளா செய்வ?"

"மோதினாரு மேல தப்புன்னு வந்தா என்ன செஞ்சாங்களோ அத."

"சரி. தகரத்தை மாத்திரு" என்று வைத்துவிட்டார்கள். கோபமா இல்லையா தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து, கண்ணுக்கு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார் என்று மெசேஜ் வந்திருந்தது.

ஷஃபான் பிறை 2, சனி

நிறுத்திவிட்டேன்! எங்கே நில் என்றேனோ அங்கே!

பாகு காய்ச்சும்போதுதான் வந்தது யோசனை. முதலிலிருந்தே தணலில் வைத்தால் பாகு எப்போது வருவது? நன்றாக எரிய விட்டு, பதம் நெருங்கும்போது தீயைக் குறைத்துக் கரண்டியை எடுத்து எடுத்துப் பார்க்கிறோம். இதற்கும் அப்படியே. பிறை ராத்திரியில் எனக்கு வேண்டிய நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்னால் வரை கட்டுக் கட்டாக ஓடு, அங்கே நில். அதன் பிறகு ஒவ்வொன்றாக ஓடு, நான் சொன்ன கட்டளையில் நில். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும்படி சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். என் கையால் நானே எழுதிய முதல் புரோகிராம். மூன்று தடவை தப்பாக வந்து நாலாவது தடவை நின்றது.

அந்தக் குட்டிப் பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி நிற்கிறது. மணி, தேதி, பட்டன், அடுத்து அது ஓட்டப்போகிற கட்டளை எல்லாம் என் முன்னால். நான் ஒன்று என்றால் ஒன்று நகர்கிறது. அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேரத்தை நிறுத்துகிறவன் அல்லாஹ் ஒருவன்தான், இது பாவனைதான், தெரியும். இருந்தாலும் நன்றி சொல்லும் ஷுக்ருக்கு இரண்டு ரக்அத் தொழுதேன்.

பாகு முறுகிவிட்டது. மாமி மறுபாகு வைத்தார்கள்.

ஷஃபான் பிறை 4, திங்கள்

இன்று சோதனை. ராத்திரித் தொழுகை இஷா முடிந்த நேரத்தில் நிறுத்தி, பிறை பட்டனை அமுக்கி, ஓட விட்டேன். விடியலுக்குச் சைரன் ஊதியது. இன்னும் தள்ளி, பத்து மணிக்கு நிறுத்தி அமுக்கினேன், ஊதியது. மஃரிபு முடிந்த கையோடு அமுக்கினேன், ஊதியது. எப்படி அமுக்கினாலும் ஊதுகிறது.

மொகுதூம் கடையடைத்துவிட்டு வந்தான். சொன்னேன்.

"நான் சொன்னேம்லா? பெட்டி பொய் சொல்லாது லாத்தா, மனுசன்தான் சொல்லுவான்."

"நீ சந்தோசமாத்தானே சொல்லுத?"

"பின்ன?"

"முகத்துல காணலயே."

முறைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். போன நோன்பிலிருந்து அவன் அந்தப் பள்ளிக்குத் தொழப் போவதில்லை, இரண்டு தெரு தள்ளிப் போகிறான். கடைக்குப் பக்கம் என்கிறான். கடைக்குப் பக்கம் நம் பள்ளிதான்.

ஷஃபான் பிறை 6, புதன்

மோதினார் ராத்திரியில் அமுக்கவில்லை போலும். தகரம் மாற்ற ஆள் வந்தது.

ஷஃபான் பிறை 9, சனி

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து சாய்ந்தால் சாயட்டும்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அடுப்பில் குழம்பு. அவசரத்தில் தணல் ஓட்டம் போடாமல் கட்டு ஓட்டத்திலேயே விட்டுவிட்டேன். இரவு பதினொன்றரைக்கு நில் என்று சொன்னது, வழக்கம்போலத் தாண்டி எங்கேயோ நின்றது. எங்கே நின்றது என்றுகூடப் பார்க்காமல் பட்டனை அமுக்கிவிட்டு, குழம்பை இறக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், விடிந்திருக்கிறது. சைரன் ஊதவில்லை.

எதையாவது கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். பெட்டியின் கணக்கில் அடுத்த நாள் ஓட்டினேன். அதற்கு அடுத்த விடியலில் நன்றாக ஊதியது, நோன்பு ஒன்று என்று காட்டியது. ஒரு நாள் பிந்தி.

அப்புறம்தான் எங்கே நின்று அமுக்கினேன் என்று பார்த்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

மெஷினின் தீயைக் குறைத்தேன். ஒவ்வொன்றாக ஓட்டினேன். பன்னிரண்டுக்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்தி அமுக்கினேன். ஊதியது. ஒரு மூச்சு பின்னால் நிறுத்தி அமுக்கினேன். ஊதவில்லை. முன்னால், ஊதியது. பின்னால், இல்லை. மாமியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மறுபடி செய்தேன். மாமிக்குப் புரியவில்லை, ஆனால், "இங்கன ஊதுது, இங்கன ஊதல" என்று சரியாகச் சொன்னார்கள்.

அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி உள்ளே பார்த்தேன். மொகுதூம் எழுதியிருப்பது இது: பட்டன் அமுக்கினால், இன்றைய தேதியோடு ஒன்று கூட்டு, அதுதான் முதல் நோன்பு. ராத்திரி எட்டு மணிக்கு அது சரி, நாளைக்குத்தான் நோன்பு. பன்னிரண்டு தாண்டிவிட்டால் பெட்டிக்குத் தேதி மாறிவிட்டது. அது இன்னொரு நாளைக் கூட்டிவிடுகிறது. நமக்கு நாள் மாறுவது மஃரிபில். மஃரிபிலிருந்து சுப்ஹு வரை நமக்கு ஒரே ராத்திரி. நடு ராத்திரியில் நாள் மாறுவதை நம்மில் யார் நினைக்கிறோம்? மொகுதூமும் நினைக்கவில்லை, இத்தனை நாள் ஓட்டிய நானும் நினைக்கவில்லை.

அமுக்கிய தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு என்று காட்டியது. போன வருஷம் காட்டிய அதே பன்னிரண்டு.

சேதி பன்னிரண்டு மணி தாண்டி வந்திருந்தால், மோதினார் சேதி கிடைத்த கையோடு அமுக்கியிருந்தால், பெட்டி இதைத்தான் காட்டும். ஆனால் சேதி எத்தனை மணிக்கு வந்தது? தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பதினொன்றாம் தேதி ராத்திரி என்கிறார்கள். மணி யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், சேதி கொண்டுபோன தமீம் ஹாஜியாரும் கேட்ட மோதினாரும்.

ஷஃபான் பிறை 10, ஞாயிறு

மொகுதூமுக்குத்தான் முதலில் காட்டினேன். ஹாஜியாரிடம் நேரே போகலாம் என்றார்கள் மாமி. அவன் கேவலப்படக் கூடாது என்பதற்காக இல்லை, அவன் வாயாலேயே வர வேண்டும் என்பதற்காக அவனிடம் முதலில்.

முன்னால், ஊதியது. பின்னால், இல்லை.

"இன்னொருக்க" என்றான். ஓட்டினேன். "நான் ஓட்டுதேன்" என்று வாங்கி அவனே ஓட்டினான். ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, அவன் எழுதிய அந்த ஒன்று கூட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கேயே வெகுநேரம் இருந்தான்.

"இத எப்படி லாத்தா கரெக்டா இங்கன நிறுத்தின?"

"பாகுப் பதம்."

சிரிக்கவில்லை. "கூட்டத்துல வச்சிச் சொன்னேன் லாத்தா. அவரு ஒத்த வார்த்த திருப்பிப் பேசல."

அவன் கண்ணில் ஏதோ தூசி. புதுத் தகரம் போட்டதில் இன்னும் தூள் உதிர்கிறது. சோறு போட்டேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது, "கமிட்டியக் கூட்டச் சொல்லுதேன். நாந்தான் பேசுவேன். நீ ஓட்டு" என்றான்.

ஷஃபான் பிறை 12, செவ்வாய்

அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டில். ஹாஜியாரும் கமிட்டியில் மூன்று பேரும் கூடத்தில். டிவிக்கு மொகுதூம் கேபிள் கொடுத்துவிட்டான். நான் திரைக்குப் பின்னால் அறையில் லேப்டாப்போடு. என் கை இங்கே, படம் அங்கே. மாமி வாசல்நிலையில் நாற்காலி போட்டு நடுவில், அங்கேயும் இங்கேயும் தெரியும்படி.

மொகுதூம் எழுந்து நின்றான். "போன வருசம் மோதினாரைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன். அது தப்பா இருக்கலாம். பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

ஒரு கமிட்டிக்காரர், "என்னப்பா, சினிமாவா?" என்றார்.

"விலாவாரியாப் பாருங்க மாமா."

முதலில் இஷாவுக்குப் பின் நிறுத்தி அமுக்கினேன். டிவியில் விடிந்தது, சைரன் ஊதியது. ஹாஜியார், "மாஷா அல்லாஹ், நல்லாத்தானே ஊதுது" என்றார். பிறகு பன்னிரண்டுக்கு ஒரு மூச்சு முன்னால். ஊதியது.

"இப்ப பன்னெண்டு தாண்டி" என்றான் மொகுதூம். நிறுத்தினேன், அமுக்கினேன், ஓட விட்டேன்.

விடிந்தது. சத்தமே இல்லை.

"ஏ நிறுத்து, நிறுத்தும்மா!" என்று ஹாஜியார் கத்தினார். நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன், சுப்ஹு நேரத்தில் நின்றது. "என்ன செஞ்ச? திரும்ப ஓட்டு!" ஓட்டினேன். "ஒரு நிமிசம் முன்னால வையி!" வைத்தேன், ஊதியது. "இப்ப தாண்டி!" தாண்டினேன், ஊதவில்லை. மற்ற மூன்று பேரும் எழுந்து டிவி பக்கத்தில் வந்துவிட்டார்கள். முன்னால் வை, பின்னால் வை, இன்னும் கொஞ்சம், இல்லை இல்லை கொஞ்சம் குறை என்று ஆளுக்கொரு பக்கம் கத்தல். பன்னிரண்டை ஒட்டிய நிலையை முன்பே சேமித்து வைத்திருந்ததால், சொன்ன இடத்திலெல்லாம் உடனே நிறுத்தினேன். ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

மொகுதூம் அமுக்கிய தேதியைப் போடச் சொன்னான். பன்னிரண்டு என்று டிவி நிறைய வந்தது.

"மாமா, அன்னைக்கி நீங்க மோதினாருட்ட சேதி சொல்லும்போது மணி என்ன?"

"பதினொண்ணாந்தேதி ராத்திரிதானப்பா."

"தேதி கேக்கல மாமா. மணி."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"எனக்குப் போனு வரும்போதே பன்னெண்டேகால். சட்டையைப் போட்டுட்டு எறங்குதேன், எம் பொஞ்சாதி 'இந்நேரத்துல எங்க போறீக'ன்னு சாவியைத் தரமாட்டேங்கா. பள்ளிக்குப் போயி எழுப்பினேன். எம் முன்னாலதான எந்திரிச்சாரு. பெட்டி பக்கம் போனாரு. நான் பாத்தேன்... நான் பாத்தேன், அமுக்குததுக்குப் போனாரு." இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "ஏன் நான் அன்னைக்கே சொல்லல?" என்றார்.

மாமி வாசல்நிலையிலிருந்து சொன்னார்கள்: "ஒங்களிட்ட யாரும் மணி கேக்கல."

மொகுதூம், "அவரு மேல தப்பில்ல. பெட்டி எழுதினவன் மேல" என்றான். குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. திரைக்குப் பின்னால் நான் லேப்டாப்பை மூடாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது ஹாஜியார் திரையைப் பார்த்து, "யம்மா ஹபீபா, நிறுத்துன நிறுத்துல எங்களுக்கு வேத்துருச்சு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னையும் கணக்கில் சேர்த்து, திரைக்கு இந்தப் பக்கமும் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மச்சானுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "இரு" என்று போனைப் பக்கத்தில் யாரிடமோ கொடுத்தார்கள். அந்த ஆள், "அக்கா, உங்க மச்சான் ஸதக்கத்துல்லா காக்கா இங்க ரூமுல எல்லாருக்கும் டீ வாங்கிட்டு இருக்காரு" என்றது. பத்து நாளுக்கு மேலாகவே ரூமில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியுமாம்.

ஷஃபான் பிறை 16, சனி

பராஅத் ராத்திரி யாஸீன் சூராவை மூன்று தடவை ஓதினோம். அரிசி ரொட்டி, கறி.

கமிட்டி கூடிவிட்டது. புது மோதினார் வேண்டாம், மைதீன் பிச்சையையே மரியாதையோடு கூப்பிடுவது என்று ஒரே மனதாக முடிவு. ஜும்ஆவுக்குப் பின் ஹாஜியாரே மைக்கில், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டார். இருமாமல் சொன்னார். பெண்கள் பகுதியில் நாங்கள் கேட்டோம். முன்வரிசையில் ஒருவர் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னார். மொகுதூம் நம் பள்ளியில்தான் ஜும்ஆ தொழுதிருக்கிறான்.

பெட்டியை அவன் திருத்திவிட்டான். பட்டனை மஃரிபிலிருந்து சுப்ஹு வரை எப்போது அமுக்கினாலும் ஒரே ராத்திரியாக எடுக்கும். என் மெஷினில் ஏற்றி, ராத்திரி முழுவதையும் அங்கங்கே நிறுத்தி நிறுத்தி அமுக்கிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஊதுகிறது. மாமி காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் மோதினார் போனில் ஹாஜியாரிடம், "யோசிச்சிச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மறுபடி அடித்தபோது மகள் எடுத்து, "வாப்பா தொழுதுட்டிருக்காங்க" என்றாளாம். மூன்று தடவையும் தொழுகை.

ஷஃபான் பிறை 18, திங்கள்

மொகுதூம் நாளைக் காலை பஸ்ஸில் புளியங்குடி போகிறான். கையில் கடிதம் ஒன்று வேண்டும் என்றான். அவன் எழுதினால் இரண்டு வரியில் நின்றுவிடுகிறது, அதனால் நான் எழுதினேன். அவன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறான், நானும் போட்டிருக்கிறேன். நகல் இங்கே:

அஸ்ஸலாமு அலைக்கும். மதிப்புக்குரிய மைதீன் பிச்சை மோதினார் அவர்களுக்கு,

நீங்கள் சேதி கிடைத்த கையோடு அமுக்கியது உண்மை. தப்பு பெட்டியில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்னாலும் பின்னாலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து அதைக் கண்டுகொண்டோம். தமீம் ஹாஜியாரும் கமிட்டியாரும் கண்ணால் பார்த்தார்கள். ஜும்ஆவில் ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியாகிவிட்டது. கூட்டத்தில் வைத்து உங்களைப் பேசியதற்கு மொகுதூம் நேரில் வந்து நிற்கிறான். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வான். அவனை உட்காரச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

பெட்டி இப்போது சரியாக இருக்கிறது. ஆனாலும் இந்த நோன்புக்கு யார் பட்டனை அமுக்குவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் அறையை வெள்ளையடித்துவிட்டார்கள். நீங்கள் வரச் சம்மதமா, இல்லையா? பிறை நெருங்கிவிட்டது. தம்பி கையிலோ போனிலோ, தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.